பதினான்காம் கேள்வி

விடைத்தாள் திருத்தும் முகாமில் அன்றைக்கு ஞானதிரவியம் கையில் எடுத்தது முப்பத்தோராவது தாள். பதினான்காம் கேள்வி: நவீன ஆங்கிலக் கவிதையில் மனித வாழ்வின் நிலை. முந்தைய முப்பது பேரும் ஒரே பதிலைத்தான் எழுதியிருந்தார்கள். 'சாயங்காலம் வீடு திரும்பும் மனிதன் தன் கதவைத் தானே தட்டிவிட்டு வெளியே நிற்கிறான் என்கிறார் ஒரு நவீனக் கவிஞர்.' அப்படி ஒரு கவிஞர் கிடையாது. மனைவி புஷ்பம் வீட்டை விட்டுப் போன மாதம், ஒரு பதிப்பகத்துக்குப் பெயர் போடாமல் நோட்ஸ் எழுதிக் கொடுத்தபோது, மேற்கோள் எதுவும் அகப்படாமல் அவரே எழுதிச் சேர்த்த வரி அது. இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகள் அதை மனப்பாடம் பண்ணுகிறார்கள். அவரும் அலுப்போடு சரி போட்டுக்கொண்டே வருகிறார்.

இந்தத் தாளிலும் அந்த வரி இருந்தது. அதற்குக் கீழே மட்டும், ஆங்கிலத்தை விட்டுவிட்டு, பொடி எழுத்தில் தமிழில் ஒரு கேள்வி: "அப்புறம் யாராவது கதவத் திறந்தாங்களா சார்?"

"என்ன சார், ஒரே பேப்பர்ல நின்னுட்டீங்க?" தலைமைத் தேர்வாளர் எஸ்தர் எட்டிப் பார்த்தார். "இதுக்கெல்லாம் மார்க் கிடையாது. அடிச்சுட்டு அடுத்ததப் பாருங்க."

"சரி மேடம்."

மதிப்பெண்ணைத் தவிர வேறெதையும் தாளில் எழுதக் கூடாது. எழுதினாலும் அது அந்தப் பிள்ளையின் கைக்குத் திரும்பப் போவதில்லை. ஞானதிரவியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். சிவப்புப் பேனாவைத் திறந்து, கேள்வியை அடிக்காமல், அதன் கீழே 'இன்னும் இல்லை' என்று எழுதினார்.