வியாழக்கிழமை வண்டி

"இன்னைக்கு வியாழக்கிழமையாச்சே, மெர்வ் வண்டி நிக்குதா?"

"நிக்காம? காலையில இருந்து நிக்குது. போதாததுக்கு அந்த நாய் வேற குரைச்சுக் குரைச்சு ஊரைக் கூப்பிடுது!"

பப்பில் பீர் குடித்துக்கொண்டிருந்த எல்லோரும் சிரித்தார்கள். ட்ரெவரும் சிரித்து வைத்தான்.

கோதுமை விளையும் அந்தச் சின்ன ஊரில் ஆளைப் பார்த்து யாரும் கை காட்டுவதில்லை, வண்டியைப் பார்த்துத்தான். பின்பக்கம் திறந்த யூட் வண்டி ஆளுக்கொன்று. பின்னால் நாய், வைக்கோல், கம்பிச்சுருள். யார் வண்டி எங்கே நிற்கிறது என்பது சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

மெர்வின் சிவப்பு வண்டி வியாழன் தவறாமல் நிற்பது பேக்கரிக்கு அடுத்த கட்டடத்து வாசலில். வெளியூரிலிருந்து அன்று மட்டும் வரும் மனநல ஆலோசகரின் அறை அது.

"மனசு சரியில்லாத ஆளை நம்பிப் பசங்களை எப்படி விடுறது?" என்று ஃபுட்பால் கிளப்பில் பேச்சு கிளம்பியது. மெர்வைக் கோச் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுக்கச் சொல்லிக் கை தூக்கியவர்களில் ட்ரெவரும் உண்டு. மெர்வ் விசிலைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

அது போன வருஷம். இந்த வருஷம் மனசுச் சிக்கல் ட்ரெவருக்கே வந்து சேர்ந்தது.

லாரி ஓட்டும்போது திடீரென்று நெஞ்சு படபடக்கும். கை நடுங்கும். மூச்சு முட்டும். மாரடைப்பு என்றே பயந்து டாக்டரிடம் ஓடினான்.

"இதயத்துல ஒண்ணுமில்ல. இது பதற்ற நோய்," என்றார் டாக்டர். "ஆலோசகர்கிட்ட பேசிச் சரிபண்ணலாம். இல்லன்னா மாத்திரை எடுத்துக்கலாம்."

"எது நல்லது டாக்டர்?"

"உங்களுக்கு ரெண்டுமே கேக்கும். எது ஒத்துவரும்னு யோசிச்சு வந்து சொல்லுங்க."

அறுவடை நெருங்கிக்கொண்டிருந்தது. லாரியில் ஏறிக் கோதுமையைக் கொண்டு சேர்க்க முடியாவிட்டால் வருஷம் பூராவும் பட்ட பாடு வீண்.

"என்ன முடிவு பண்ணின?" என்று கேட்டாள் மனைவி லினெட்.

"மாத்திரைதான்."

"அதுதான் உனக்குச் சரியா வரும்னு தோணுதா?"

"பாக்கெட்ல போட்டுக்கலாம். யார் கண்ணுலயும் படாது."

"மருந்துக்கடையில நிக்கிறது என் தங்கச்சி. அவ வாயைப் பத்தித் தெரியும்ல?"

"பக்கத்து ஊர்ல போய் வாங்கிக்கிறேன்."

"ட்ரெவர், நீ வைத்தியம் தேடல. ஒளிஞ்சுக்க இடம் தேடுற."

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஒரு விஷயம் மனசைக் குடைந்துகொண்டே இருந்தது. மெர்வ் அந்த அறையில் என்னதான் பேசுகிறான்? வறட்சியில் பாதி ஆடு செத்தபோதுகூடச் சீட்டாடிக்கொண்டிருந்த ஆள் அவன். தம்பி செத்தபோதும் ஊர் முன்னால் கலங்காதவன். அவனுக்கு என்ன கவலை? பேசிப் பேசி அது தீர்ந்ததா? அவனும் மாத்திரை சாப்பிடுகிறானோ?

சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் அந்த வியாழக்கிழமை கிளம்பினான்.

சிவப்பு வண்டி நின்றிருந்தது. அதன் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. நாய் அவனைப் பார்த்து வாலாட்டியது. தெருவில் போன இரண்டு பேர் மெர்வின் வண்டியைப் பார்த்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ட்ரெவரை யாரும் கவனிக்கவே இல்லை.

'மெர்வே போகும்போது எனக்கென்ன?' என்று வண்டியை ஒட்டி நிறுத்திவிட்டு உள்ளே போனான்.

வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது, ஆனால் தோள் லேசாகியிருந்தது. முதலில் பேசிப் பார்ப்பது, தேவைப்பட்டால் டாக்டரைக் கேட்டு மாத்திரையும் சேர்த்துக்கொள்வது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ஆலோசகர் சொல்லியிருந்தார்.

வாசலில் மெர்வ் நாய்க்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தான்.

"மெர்வ், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டியே?"

"கேளுடா."

"உனக்கு எது கேட்டுச்சு? பேச்சா, மாத்திரையா?"

"எனக்கென்ன தெரியும்? நான் உள்ள போனதே இல்லையே."

ட்ரெவருக்கு ஒன்றும் புரியவில்லை. "வாராவாரம் வண்டி நிக்குதே!"

"வண்டி நிக்கும். நான் பின்சந்து வழியா டயர் கடைக்குப் போய் உக்காந்துக்குவேன்."

"உனக்கென்ன பைத்தியமா? ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்குது. கோச் வேலையும் போச்சு. நானே உனக்கு எதிரா... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா ஊர் என் வண்டியைப் பார்க்கிறதை விட்டுட்டு, அடுத்த வண்டியைப் பார்க்க ஆரம்பிச்சிரும்டா."

மெர்வ் நாயின் தலையைத் தடவினான்.

"என் தம்பி காலின் தூக்குல தொங்கின அன்னைக்கு, நம்ம ஊர்ல உதவியே இல்லன்னு எல்லாரும் பேசிக்கிட்டீங்க. உதவி இருந்துச்சு ட்ரெவர். இந்த வாசல் வரைக்கும் அவன் நாலஞ்சு தடவை வந்திருக்கான். வேற ஒரு வண்டிகூட நிக்கலையேன்னு, நிறுத்தாமலே திரும்பிப் போயிட்டான்."