பலகையில் சிரித்த பசு

மாட்டுக் கொட்டகைக்கு எதிரே ஒரு பால் கம்பெனி பெரிய விளம்பரப் பலகை வைத்தது. அதில் ஒரு வெள்ளைப் பசு சிரித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து காரி என்ற எருமையிடம் அதன் கன்று பால் குடிக்க மறுத்துவிட்டது.

"அந்த அம்மாவோட பால்தான் எனக்கு வேணும்" என்றது கன்று.

"அடி அசடே, அந்தக் கம்பெனி வண்டிக்குத் தினமும் பால் கொடுக்கிறதே நான்தாண்டி!"

"அப்புறம் ஏன் உன் படத்தைப் போடலை?"

காரி பலகையை ஏறிட்டுப் பார்த்தது. ஒருவேளை தன்னிடம்தான் ஏதாவது குறையோ என்று குழம்பியது. மடி கனத்து வலித்தது. கன்றின் வயிறோ ஒட்டிக் கிடந்தது.

மறுநாள் பசி தாங்காமல் கன்றே இறங்கி வந்தது.

"சரி, குடிக்கிறேன். ஆனா நீ திரும்பி நில்லும்மா, படத்தை மறைக்கிறே."

எந்தப் பக்கம் திரும்பினால் தன் உடம்பு மறைக்காது என்று புரியாமல், காரி தன்னைக் கட்டியிருந்த முளையைச் சுற்றிச் சுற்றி வந்தது.