சேணம் வைத்த தோணி

"வலப்பக்கம் இன்னும் லூசாக் கிடக்கு, அண்ணை" என்றான் கனிசியஸ்.

சந்தியோகு பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான். இடப்பக்கத்தை எத்தனை தரம் வேண்டுமானாலும் தொட்டு அளவு பார்த்துவிடுவார். வலது தொடையில் கை வைக்க மட்டும் அவருக்கு மனம் வராது.

பாசையூர்க் கரை. இடுப்பளவு தண்ணீர். பின்னேர வெயில் சரிந்துகொண்டிருந்தது. கனிசியஸ் தோணிக்குள் இருந்தான். சந்தியோகு அதன் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீருக்குள் நின்றார்.

தோணி என்று இப்போது சொல்லலாம். மூன்று மாதத்துக்கு முன்னர் அது ஒற்றையாள் இருந்து வலிக்கிற ஒரு கயாக். நிவாரண வேலைக்கு வந்த வெள்ளைக்காரன் ஒருவன் திரும்பிப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. பாறையும் நுரையுமாகப் பாய்கிற ஆறுகளில் ஓட்டச் செய்தது. யாழ்ப்பாணத்தில் ஆற்றுக்கு எங்கே போவது?

மேற்பக்கம் முழுக்க மூடியிருந்தது. ஆள் இறங்க நடுவில் ஒரு ஓட்டை. காலை உள்ளே நீட்டி, பாதத்தை முட்டுக்கொடுத்தால்தான் அதற்குள் நிலையாக இருக்கலாம்.

கனிசியஸுக்குப் பாதம் இல்லை.

போன வருஷம் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஷெல் விழுந்தது. இரண்டு காலையும் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

சந்தியோகு படகு திருத்துகிறவர். வாள் அலகால் கயாக்கின் மேற்பக்கத்தை அறுத்துத் திறந்தார். இருக்கையைக் கழற்றி எறிந்தார். மீன்பெட்டியின் வெள்ளை நுரைப்பலகையை, ரெஜிபோமை, அடுக்கி ஒட்டி, குதிரைச் சேணம் மாதிரிச் செதுக்கினார். உரசிப் புண்ணாகாமல் இருக்க அதன்மேல் சைக்கிள் ரியூபை வெட்டிச் சுற்றினார்.

தொடையைச் சேணத்தோடு பிடித்து வைக்க இரண்டு பட்டி. கவிழ்ந்தால் ஒரே இழுவையில் கழன்றுவிடும் முடிச்சு. அந்த முடிச்சைத் தன் தொடையில் கட்டி நூறு தரம் இழுத்துப் பார்த்திருப்பார்.

இனிக் கனிசியஸ் சேணத்தைத் தொடையால் கவ்விக்கொண்டு, ஒற்றைத் துடுப்பால் வலித்துப் போகலாம். நண்டு வலை பார்க்கலாம். பெண்சாதியின் கையைப் பார்த்துக்கொண்டு மூலையில் கிடக்கத் தேவையில்லை.

ஊர் சந்தியோகுவைப் புகழ்ந்தது. சுவாமியார் பிரசங்கத்தில் அவர் பெயரைச் சொன்னார். அன்றைக்குச் சந்தியோகு நற்கருணை எடுக்கவில்லை.

கனிசியஸின் பெண்சாதி மக்டலீன் புட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைப்பாள். அவர் ஒரு வாயோடு எழும்பிவிடுவார்.

அந்த வலது தொடையைத் தொட்டால் ஷெல் விழுந்த நாள் கண்முன் வந்துவிடும்.

அன்றைக்கு இவனை ஆசுப்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினதும் அவர்தான். மக்டலீன் பிள்ளைகளோடு கோயிலில் ஒதுங்கியிருந்தாள். கட்டிலடியில் வைத்து டொக்டர் சொன்னார்: இடக்கால் இனிச் சரிவராது. இன்றைக்கே கிளாலிக் கடலைத் தாண்டி வவுனியாவுக்குக் கொண்டுபோனால் வலக்காலைக் காப்பாற்றலாம். அந்தக் கிழமை அங்கே ஒருவரும் படகு விடவில்லை.

"உங்கடை படகு கிளாலியிலை நிக்குதாமே?"

கனிசியஸ் கண்ணை மூடிக் கிடந்தான்.

"எஞ்சின் பழுது, டொக்டர்" என்றார் சந்தியோகு.

எஞ்சினுக்கு ஒரு பழுதும் இல்லை. அதற்கு முந்தின கிழமைதான் கிளாலியைக் கடக்கப் போன சனம் நேவியின் சூட்டில் பிணமாக ஒதுங்கியிருந்தது. அவருக்குப் பயம். அவ்வளவுதான்.

"அண்ணை, பட்டி" என்றான் கனிசியஸ் மறுபடியும்.

சந்தியோகு குனிந்தார். வலது தொடைக்கு மேலால் பட்டியை எடுத்து இறுக்கினார். தையல் ஓடிய தழும்பு புறங்கையில் முட்டியது. அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"தம்பி, உனக்கு ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு ஆசுப்பத்திரியிலை..."

"எஞ்சின் பழுதில்லை எண்டோ?"

சந்தியோகுவின் கை பட்டியிலேயே நின்றுவிட்டது.

கனிசியஸ் கடலைப் பார்த்துக்கொண்டு கதைத்தான். "கண்ணைத்தான் மூடிக்கொண்டு கிடந்தனான். காது கேட்டது. அதுக்கு முதல்நாள் உங்களோடை கிளாலிக்கு வந்து அந்த எஞ்சினைப் பூட்டித் தந்தவன் நான்தானே, அண்ணை."

ஒரு வருஷம். இந்த மூன்று மாதமும் ஒவ்வொரு நாளும் வந்து, நெஞ்சோடு நெஞ்சாக இவனைத் தூக்கி இறக்கி, அளவு பார்த்திருக்கிறார். இவன் ஒரு சொல் சொல்லவில்லை.

"நீ ஏன் அப்பவே சொல்லேல்லை?" என்றார் சந்தியோகு.

"நானெண்டாலும் அண்டைக்குப் படகெடுத்திருக்கமாட்டன் எண்டு ஒருநாள் நினைப்பன். அடுத்தநாள் உங்களைக் கொல்லவேணும் போலை கிடக்கும்." கனிசியஸ் துடுப்பைக் கையில் எடுத்தான். "இண்டைக்கு எந்த நாளெண்டு எனக்கே தெரியேல்லை. தள்ளிவிடுங்கோ."

சந்தியோகு தள்ளிவிட்டார்.

தோணி ஒரு தரம் இடப்பக்கம் சரிந்தது. கனிசியஸ் சேணத்தைக் கவ்வி உடம்பை நிமிர்த்தினான். துடுப்பு தண்ணீரைப் பிடித்தது. திரும்பிப் பார்க்காமல் வலித்துக்கொண்டு போனான்.

கரையில் மக்டலீன் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றாள்.

"சந்தியோகு அண்ணை, அவர் போறார் பாருங்கோ! கடவுள்தான் உங்களை எங்களுக்குத் தந்தவர்!"

சந்தியோகு கரைப்பக்கம் திரும்பவில்லை. அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.