வீடெல்லாம் லாவண்டர்

வீட்டுக்காரம்மா படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டபோது, லிஃப்ட் மெக்கானிக் மேனேஜரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் என்பது நாய். ஒரு வேலையும் செய்யாமல் நாள் முழுக்கத் தூங்குவதால் அந்தப் பெயர். பழுதாகி நின்ற ஒரு லிஃப்டைத் திறந்தபோது உள்ளே சுருண்டு கிடந்ததை, மனசு கேட்காமல் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்.

அதன் மேல் அடிக்கும் வாடையை இன்னதென்று சொல்ல யாராலும் முடியவில்லை. ஈரச் சாக்கும் பழைய சாக்ஸும் சேர்ந்த மாதிரி ஒன்று. குளிப்பாட்டினால் இன்னும் தூக்கலாக அடித்தது.

மேல்மாடிக்காரர் மோப்பம் பிடித்துவிட்டார். அன்றைக்கே வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போயிற்று.

பிராணி எதுவும் வளர்க்கக் கூடாது என்று குடிவந்த அன்றே அவர் கறாராகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன், நாய் இருந்தால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நாயோடு போனால் வேறு வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. அதை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று மெக்கானிக் ஒரே ஒரு முறை கேட்டுப் பார்த்தார். அன்று முழுக்க மனைவி அவரோடு பேசவில்லை. நாயோடு மட்டும் பேசினாள்.

அவள் பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்ப்பவள். காத்திருப்பவர்கள் புரட்டுவதற்காகப் போட்டிருந்த பத்திரிகையில், லாவண்டர் பூ இருந்தால் வீட்டில் எந்த வாடையும் அண்டாது, ரசாயனம் எதுவும் வேண்டாம் என்று படித்திருந்தாள்.

காய்ந்த பூ ஒரு பெரிய பொட்டலமாக வந்து இறங்கியது.

கணவனின் பழைய சட்டையை வெட்டிச் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்தாள். பூவை அடைத்து அலமாரியிலும் தலையணை உறையிலும் செருப்பு ஸ்டாண்டிலும் செருகினாள். சமையல் சோடாவில் பூவைப் பொடித்துக் கலந்து மெத்தையில் தூவினாள். அடுப்பில் ஒரு சட்டித் தண்ணீரில் பூ கொதித்துக்கொண்டே இருந்தது.

மெக்கானிக்குக்குத் தும்மல் நிற்கவில்லை. அவர் மேல் வீசிய மணம் தாங்காமல் கூட வேலை செய்பவர்கள் அவரை மட்டும் லிஃப்டில் ஏற்றிவிட்டுத் தாங்கள் படியேறினார்கள். வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, கதவைத் திறந்ததும் வீட்டுக்காரம்மா நடுவீட்டில் வந்து நின்றார். மூச்சை நன்றாக இழுத்தார். இழுத்ததை விட்டார். மறுபடி இழுத்தார்.

கணவனும் மனைவியும் மூச்சு விடாமல் அவருடைய மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு அவர் சமையலறையைப் பார்த்தார், பால்கனியைப் பார்த்தார். படுக்கையறைக் கதவை மட்டும் மறைத்துக்கொண்டு மனைவி நின்றாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து குறட்டை கிளம்பியது. பழைய லிஃப்ட் மாதிரி இழுத்து இழுத்து மேலேறி, உச்சியில் ஒரு கணம் நின்று, தடதடவென்று இறங்கியது.

உள்ளே யார் என்று கேட்டார் வீட்டுக்காரம்மா.

என் வீட்டுக்காரர் என்று சொல்ல வாயெடுத்த மனைவி, அவர் பக்கத்திலேயே நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"மாமனாருங்க. ஊர்லேர்ந்து வந்திருக்காரு."

மாமனார் தூக்கத்தில் மெல்லக் குரைத்தார்.

அப்பாவைப் பறிகொடுத்துப் பல வருஷமான மெக்கானிக், சளி கொஞ்சம் அதிகம் என்று சேர்த்துக்கொண்டார்.

வீட்டுக்காரம்மா மூடிய கதவையே பார்த்தபடி இருந்தார். கொஞ்சம் உட்காரலாமா என்று கேட்டு, அந்தக் கதவை ஒட்டிக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டு வருவதற்குள் அவருடைய தலை சாய்ந்துவிட்டது.

மெக்கானிக் பயந்துபோய் அவர் மூக்குக்கு அருகே விரலை வைத்துப் பார்த்தார். மூச்சு சீராக வந்தது. லாவண்டர் தூக்கத்தையும் கொடுக்கும் என்று பத்திரிகையில் போட்டிருந்ததாக மனைவி கிசுகிசுத்தாள். ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

எழுப்பவும் பயம், விடவும் பயம். ஜன்னல் வெயில் சுவரில் ஏறி மறையும்வரை இருவரும் எதிரிலேயே நின்றார்கள். மெக்கானிக் தும்மல் வரும்போதெல்லாம் பால்கனிக்கு ஓடினார்.

மேனேஜர் புரண்டு படுத்திருக்க வேண்டும். குறட்டை நின்றது.

வீட்டுக்காரம்மா சட்டென்று கண் விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்து, பிறகு வெட்கப்பட்டுக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

உயிர் வந்த மெக்கானிக், எல்லாம் லாவண்டர் செய்கிற வேலை என்று விளக்கத் தொடங்கினார். மனைவி ஒரு பையை எடுத்து வீட்டுக்காரம்மாவின் கையில் வைத்து, முகர்ந்து பார்க்கச் சொன்னாள்.

அவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு மூக்கு வேலை செய்யாதும்மா. ஒரு காய்ச்சல்ல போச்சு, அப்புறம் வரவே இல்ல. மாடி ஏறினா மூச்சு மட்டும் நல்லா வாங்குது."

அவருடைய கணவர் விட்ட குறட்டைக்குத் திட்டாத ராத்திரி கிடையாதாம். அவர் போன பிறகு வீட்டில் ஒரே அமைதி. மாத்திரை போட்டும் கண் மூடுவதில்லை என்றார். சொல்லும்போது கதவைத்தான் பார்த்தார்.

மேல்மாடிக்காரரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டவர் திரும்பினார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரேன். மாமனாருக்கு எலும்பு வாங்கிட்டு வரலாமா, இல்ல, பல்லு போயிடுச்சா?"