ஐந்து நிமிடம் பின்னால்

டமார்!

மேடையின் இரண்டு பக்கமும் காகிதப் பீரங்கிகள் வெடித்தன. பேட்டி எடுக்க வந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையிலிருந்த கேள்வித்தாள் நழுவி, தங்கநிறக் காகிதத் துணுக்குகளோடு தரையில் விழுந்தது.

“எலி! எலி! எலி!” என்று அரங்கமே அலறியது.

எலி என்பது அவன் விளையாடும் பெயர். பத்தொன்பது வயது. ஊதினால் பறந்துவிடும் உடம்பு. அணியில் மற்ற நாலு பேரும் விழுந்த பிறகு தனி ஆளாக நின்று, கணினித் திரையில் எதிரணியில் மிச்சமிருந்த மூன்று பேரையும் சுட்டுச் சாய்த்துவிட்டான். கோப்பை அவர்களுக்கு.

சுவர்க் கடிகாரத்தில் மணி 4.10.

அவள் செல்போனை எடுத்தாள். வீட்டுக்கு ஒரே ஒரு சொல் தட்டினாள்: ‘ஜெயிச்சிட்டான்’.

அனுப்பும் பொத்தானுக்கு ஒரு நூல் மேலே விரல் நின்றுவிட்டது. காலையில் அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

“வீட்ல பாக்கறவங்களுக்கு ஆட்டம் அஞ்சு நிமிஷம் லேட்டாத்தான் போகும்” என்று ஒருங்கிணைப்பாளர் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால், எதிரி எங்கே பதுங்கியிருக்கிறான் என்று வீட்டிலிருந்தே எவனாவது ஆட்டக்காரனுக்குத் துப்புக் கொடுத்துவிடுவானாம். அந்த ஐந்து நிமிடத்துக்குள் முடிவு வெளியே கசியக் கூடாது. கசியவிட்டால் கழுத்தில் தொங்கும் அட்டை பறிபோகும். அட்டை இல்லாமல், சொந்தபந்தமே ஆனாலும், ஆட்டக்காரர்களை நெருங்க முடியாது.

‘பேட்டி எடுக்க ஆள் தேவை. முன் அனுபவம் வேண்டாம். சம்பளமும் கிடையாது’ என்ற விளம்பரத்தைப் பார்த்து வந்தவள் அவள். இதற்கு முன் மைக்கைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் இந்த அட்டைக்காக மூன்று வாரம் நாயாக அலைந்திருந்தாள்.

பக்கத்தில் கேமராக்காரர் செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கூவினார். “அடியே, எலி ஜெயிச்சிட்டான்டி! நான் அப்பவே சொல்லல?”

அவரும்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். பழம் தின்று கொட்டை போட்டவர், அதற்கெல்லாம் அஞ்சுவாரா?

இவள் புதுசு. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். 4.15 ஆகட்டும். ஐந்து நிமிடத்தில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது?

4.12-க்குச் செல்போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்து ஒரே வரி.

படித்தாள். இன்னொரு முறை படித்தாள். செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். குனிந்து கேள்வித்தாளைப் பொறுக்கினாள்.

மேடையில் எலி கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கினான்.

படம் பிடித்து, கைகுலுக்கி, எல்லாரும் ஒரு வழியாக அவனை விட்டபோது மணி 4.40. எலி அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். ஆட்டக்காரர்களிடம் காலையில் வாங்கி வைத்த செல்போன்கள் இன்னும் பூட்டிய பெட்டிக்குள்தான் இருந்தன.

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் காதில் செருகியிருந்த கருவியில் ஒருங்கிணைப்பாளரின் குரல் கேட்டது.

“பையனோட அப்பா படுத்த படுக்கையா இருக்காராம்மா. வீட்ல இதைத்தான் பாத்துட்டிருக்காராம். அவரைப் பத்திக் கேளு. அவன் கண்ல ரெண்டு சொட்டு வந்தாப் போதும், லட்சம் பேர் பாப்பாங்க.”

அவள் மைக்கை நீட்டினாள்.

“கீபோர்டு புதுசா?”

எலி அவளை ஒரு மாதிரி பார்த்தான். “பழசுதான்.”

“காலைல சாப்பிட்டீங்களா?”

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எலி சிரிக்கவில்லை. “சாப்பிட்டேன்” என்றான்.

“இதென்னம்மா, மாப்பிள்ளை பாக்க வந்த மாதிரி கேட்டுட்டிருக்கே? அப்பா! அப்பாவைக் கேளு!” காதுக்குள் குரல் சீறியது.

அவள் கருவியைப் பிடுங்கி மடியில் போட்டாள். “விரல் வலிக்குதா?” என்று கேட்டாள். பதில் வருவதற்குள் நன்றி சொல்லி முடித்துவிட்டாள்.

சிவப்பு விளக்கு அணைந்தது. கூட்டம் கலைந்தது. “நல்ல ஆளைப் பிடிச்சாங்கப்பா” என்று முணுமுணுத்துக்கொண்டே கேமராக்காரர் ஒயரைச் சுருட்டப் போனார்.

எலி எழுந்திருக்கவில்லை. தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னிக்கு மைக்கை நீட்டுன அத்தனை பேரும் அப்பாவைப் பத்தித்தான் கேட்டாங்க” என்றான் மெதுவாக. “நீ மட்டும் கேக்கலையேக்கா.”

மூன்று வாரத்துக்கு முன்னால் டாக்டர் கையை விரித்த அன்றுதான் அவள் அந்த அட்டைக்கு மனு போட்டாள். அப்படி ஏதாவது நடந்தால் தம்பி பக்கத்தில் யாராவது இருக்க வேண்டுமே என்றுதான்.

“எத்தனை மணிக்கு?” என்றான்.

ஐந்து நிமிடக் கணக்கு அவளைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

4.12-க்கு வீட்டுத் திரையில் அவன் ஜெயித்திருக்கவில்லை. இடிந்த சுவர் ஒன்றின் பின்னால் தனியாகப் பதுங்கியிருந்தான். மூன்று பேர் அவனைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள். அப்பா கடைசியாகப் பார்த்தது அதைத்தான்.

பைக்குள் கிடந்த செல்போனில், அந்த ஒற்றைச் சொல் இன்னும் அனுப்பப்படாமலே இருந்தது.

அவள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

“நாலு இருபதுடா. நீ கோப்பையைத் தூக்குனதைப் பாத்துட்டுத்தான் போனாரு.”