நட்சத்திரம் இல்லாத பிறந்த நாள்

"வேதக்காரிக்கு எங்காத்துல விருந்தா? நன்னா இருக்குடி நீ பேசறது!"

கோமு மாமி சாதாரணமாகப் பேசினாலே நாலு வீடு கேட்கும். இன்று கோபம் வேறு. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அந்தத் தெரு முழுக்கக் கேட்டது.

மருமகள் சுப்புலக்ஷ்மி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"விருந்தெல்லாம் இல்லேம்மா. இன்னிக்கு டீச்சரம்மாவுக்குப் பொறந்த நாளாம். வெள்ளிக்கிழமைன்னு நீங்க பாயசம் வெச்சிருக்கேளே, அதுல ஒரு வாய் குடுக்கலாமேன்னு..."

"என்ன நட்சத்திரமாம்?"

"அவாளுக்கு நட்சத்திரம் கிடையாதாம். இங்கிலீஷ் தேதிதானாம்."

"நட்சத்திரமே இல்லாம ஒருத்தி எப்படிடி பொறப்பா? கேக்க வந்துட்டே!"

டீச்சரம்மா என்றதும் வயசான அம்மாள் என்று நினைத்துவிட வேண்டாம். ஜெபராணிக்கு இருபது வயசுதான். ஸ்ரீவைகுண்டத்துக் கிறிஸ்தவப் பெண். மிஷன்காரர்கள் வேலை கொடுத்துப் பாளையங்கோட்டைக்கு வரவழைத்து ஒரு மாசம் ஆகிறது. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற வேலை. பாதி வீட்டில் கதவே திறக்கவில்லை. திறந்த வீடு இது. சுப்புலக்ஷ்மியும் பக்கத்து வீட்டு ஆவுடையும் வாசலை அடுத்த ரேழியில் உட்கார்ந்து படித்தார்கள். புது ஊரில் அவளுக்குச் சிநேகிதம் என்று இருந்தது இந்த ரெண்டு பேர்தான்.

மாமி படிப்புக்குச் சம்மதித்ததே பெரிசு. ஆனால் பாடம் முடிந்து ஜெபராணி வாசல் தாண்டுமுன்பே, தீட்டு என்று மாமி அவள் உட்கார்ந்த இடத்தில் ஒரு செம்புத் தண்ணீரைச் சளாரென்று கொட்டிவிடுவாள். சத்தம் ஜெபராணி காதில் விழும். பாவம், அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

"இதோ பாருடி. நான் ஆத்தங்கரைக்குக் குளிக்கப் போறேன். அப்படியே கோயிலுக்கும் போயிட்டுத்தான் வருவேன். பாயசத்துல ஒரு சொட்டு அவ வாயில போச்சுன்னு தெரிஞ்சுது, நாளைலேர்ந்து பாடமும் கிடையாது, கீடமும் கிடையாது!"

அடுப்படியில் எதையோ உருட்டிவிட்டுத்தான் கிளம்பினாள். படி இறங்கிய பிறகும் விடவில்லை. எதிர்வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு, "கேட்டேளா இந்த அநியாயத்தை?" என்று முதலிலிருந்து ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் போனாள்.

கொஞ்ச நேரத்தில் ஜெபராணி வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"பழத்துக்கு ஒண்ணும் தீட்டு கிடையாதுல்லா? நீங்களே உரிச்சுத் தின்னுங்க. எனக்கு வேற யாரு இருக்கா, கூப்பிட்டுக் குடுக்க?"

மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பழம் உரித்துத் தின்றார்கள். பிறந்த நாள் அவ்வளவுதான் என்று ஜெபராணி ஸ்லேட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

சுப்புலக்ஷ்மிக்கு மனசு கேட்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு தொன்னை நிறையப் பாயசம்.

ஆவுடை வாயைப் பொத்திக்கொண்டாள். "அடிப் பாவி! மாமி உன்னைக் கொன்னுடுவா!"

ஜெபராணியும் பின்னால் நகர்ந்தாள். "வேண்டாம் சுப்பு. ஒங்க மாமியாருக்குத் தெரிஞ்சா ஒன் படிப்பு போயிரும். இப்பத்தான் எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பிச்சிருக்க. குடுக்கணும்னு நெனச்சியே, அது போதும்."

"நீங்க சாப்பிட்டாத்தான் ஸ்லேட்டைத் தொடுவேன். தைரியம் வரும்போதே சாப்பிட்டுடுங்கோ, அப்புறம் எனக்கே பயம் வந்துடும்!"

ஜெபராணி வாங்கிக் குடித்தாள். பாதியில் நிறுத்தி, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இந்த ஊருக்கு வந்து ஒரு மாசமா தனியாப் பொங்கித் தின்னுட்டுக் கெடக்கேன். 'சாப்பிடு'ன்னு ஒருத்தரும் சொல்லல, சுப்பு."

அதற்குள் வாசலில் எட்டிப் பார்த்த ஆவுடை அலறினாள். "மாமி வரா! தெருமுனைக்கு வந்துட்டா!"

நல்ல வேளை, மாமி தெருமுனையில் ஒரு மாட்டைப் பிடித்துக்கொண்டாள். அதைத் திட்டினாள், மாட்டுக்காரனைத் திட்டினாள், அவன் அப்பனையும் விட்டுவைக்கவில்லை. அது முடிவதற்குள் தொன்னை கொல்லைக் குப்பைக்குப் போய்விட்டது. மூன்று பேரும் ஸ்லேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள்.

"பாடம் ஆயாச்சா?"

"ஆயாச்சும்மா."

ஜெபராணி எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். பின்னாலேயே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ஆவுடையும் சுவரோரமாக நழுவிவிட்டாள்.

மாமி ஈரப்புடவையோடு சமையலறைக்குள் நுழைந்தாள். பானையைத் திறந்து பார்த்தாள்.

"ஏண்டி சுப்பு!"

சுப்புலக்ஷ்மி நிலைப்படியில் வந்து நின்றாள். போச்சு, படிப்பு இன்றோடு போச்சு.

"பாயசம் குறைஞ்சிருக்கே?"

"பூ... பூனை குடிச்சுடுத்தும்மா."

"பூனையா?"

"ஆமாம்மா. விரட்டறதுக்குள்ள..."

மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவளுக்கு மெதுவாகவும் பேச வரும் என்று சுப்புலக்ஷ்மிக்கு அன்றுதான் தெரிந்தது.

"அசடே! பொறந்த நாளும் அதுவுமா வந்த பூனைக்குன்னு, முந்திரிப்பருப்பை நெய்யில வறுத்து அந்தக் கிண்ணத்துல மூடி வெச்சுட்டுப் போனேனே, அதைப் போடாமயாடி குடுத்தே?"