இருநூற்றுப் பதிமூன்றாவது கை

அந்நிய நாட்டுப் போரிலிருந்து படை திரும்பி ஒரு வருடம் ஆகியும், அங்கே நமக்கு உதவியவர்களை விட்டுவிட்டு வந்த பழி யாருடையது என்று இரு கட்சிகளும் அடித்துக்கொண்டிருந்தன. விசாரணைக் குழு என்னைச் சாட்சிக்கு அழைத்தது. விமான தளத்தின் வாசலில் கடைசியாக நின்ற சிப்பாய் நான்தான்.

“கிளம்புறதுக்கு நாள் குறிச்சதே போன தடவை இருந்த உங்க ஆட்சி” என்றார் ஆளுங்கட்சி உறுப்பினர் வேதமூர்த்தி.

“அவசர அவசரமா ஓடி வந்தது நீங்க” என்று எதிர்க்கட்சியின் திலகவதி மேசையைத் தட்டினார். தேநீர் வந்தபோது மட்டும் சண்டை நின்றது. பிறகு இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“நீங்க சொல்லுங்க தம்பி, யாரோட உத்தரவு?”

அந்தக் கடைசி நாளில், எங்களுக்காக மொழிபெயர்த்த உள்ளூர்க்காரர்கள் குடும்பத்தோடு வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள். கூட்டம் கலைந்தால் போதுமென்று ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் பேனாவால் எண் எழுதி, “காலைல இந்த வரிசைப்படி ஏத்திக்கிறோம்” என்று அனுப்பினேன். கடைசி விமானம் அன்று மாலையே கிளம்புவது எனக்குத் தெரியும்.

“நம்பர் போடச் சொல்லி யாரும் உத்தரவு போடலைங்க. நானாத்தான் போட்டேன்” என்றேன்.

குறிப்பெடுப்பவர் தலை நிமிர்ந்தார். “இதை எழுதணுங்களா?”

“வேண்டாம்” என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

இருநூற்றுப் பன்னிரண்டு ஒரு பெண்ணின் எண். மை கலைந்துவிடக் கூடாதென்று அதை ஊதி ஊதிக் காயவைத்தாள். பிறகு, தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் கையைப் பிரித்து என்னிடம் நீட்டினாள்.